கை படாத பட்டியல்

மூன்று வருஷமாகக் கடைசி ஆண்டு வகுப்பின் முதல் நாளில் அவள் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்று இருந்தது. "இந்தப் பட்டியல்ல யாரோட கையும் படாது." சொல்லும்போது, நான் ஒன்றும் எடுக்கவில்லை என்று காட்டுகிறவளைப் போல இரண்டு கைகளையும் விரிப்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர்கள் சிரிப்பது அவளுக்குப் பிடிக்கும்.

பட்டியல் என்பது ப்ராஜெக்ட் குழுக்களின் பட்டியல். அறுபத்து நான்கு பேர், குழுவுக்கு நாலு பேர், பதினாறு குழுக்கள். அவள் அந்தக் கல்லூரியின் கணினித் துறைக்கு ஒப்பந்த விரிவுரையாளராக வந்த புதிதில் மாணவர்களே தங்களுக்குள் சேர்ந்துகொள்வார்கள். கெட்டிக்காரர்கள் ஒரு பக்கம், கூத்தடிப்பவர்கள் ஒரு பக்கம். யாரும் கூப்பிடாதவர்கள் கடைசியில் மிஞ்சுவார்கள். அவர்களை ஒன்றாகக் கட்டி ஒரு குழு என்று எழுதிக்கொள்வார்கள். அவளும் தன் படிப்புக் காலத்தில் அப்படி மிஞ்சியவள்தான். பெஞ்சுகளுக்கு மேலே பெயர்கள் பறந்துகொண்டிருந்த அந்தப் பதினைந்து நிமிஷமும், தன் பெயர் மட்டும் எவர் வாயிலும் வராததைக் கேட்டுக்கொண்டு, பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக உட்கார்ந்திருந்தாள். அதை அவமானம் என்று அப்போது அவள் நினைக்கவில்லை. ஏதோ வேலையாக இருப்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வதிலேயே முழுக் கவனமும் போய்விட்டது. பல வருஷம் கழித்து, அந்த முகத்தை யாரும் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கக்கூடாது என்றுதான் குழு பிரிக்கும் கணினி நிரல் ஒன்றை எழுதினாள்.

நிரல் செய்தது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. ஒவ்வொருவரும் நிரலெழுதுதல், கணக்கு, எழுத்து, மேடைப் பேச்சு, வடிவமைப்பு என்ற ஐந்துக்கும் தனக்குத்தானே மதிப்புப் போட்டுப் படிவம் தர வேண்டும். போன வருஷ மதிப்பெண்களும் அதோடு சேரும். நிரல் முதலில் எல்லாரையும் கண்ணை மூடிக்கொண்டு குழுக்களில் இறைக்கும். பிறகு யாராவது இரண்டு பேரை இடம் மாற்றிப் பார்க்கும். மிகப் பலமான குழுவுக்கும் மிகப் பலவீனமான குழுவுக்கும் இருக்கிற வித்தியாசம் குறைந்தால் மாற்றத்தை வைத்துக்கொள்ளும். கூடினால் பெரும்பாலும் விட்டுவிடும். இப்படி லட்சக்கணக்கான தடவை. முதல் இறைப்பு ஒரு தொடக்க எண்ணைப் பொறுத்தது. அதே எண்ணைக் கொடுத்தால் யார் கணினியில் ஓட்டினாலும் அதே பட்டியல்தான் வரும். அந்த எண்ணை வகுப்பிலிருந்து யாராவது ஒருவர் கத்திச் சொல்ல, அவள் பலகையில் எழுதுவாள். நிரல், விவரங்கள், எண், மூன்றும் துறையின் இணையப் பக்கத்தில் எல்லாரும் பார்க்கக் கிடக்கும்.

"சந்தேகம் இருந்தா ஓட்டிப் பாருங்க" என்பாள்.

மூன்று வருஷத்தில் ஒருவரும் ஓட்டிப் பார்க்கவில்லை. நம்பிக்கை என்று அவள் எடுத்துக்கொண்டாள். சோம்பலாகவும் இருந்திருக்கலாம்.

இந்த வருஷம் எண்ணைக் கத்தியவன் கடைசி பெஞ்சுப் பையன். எப்போதும் மடிப்புக் கலையாத சட்டையில் வருவதால் வகுப்பு அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடும். தன் பைக் நம்பரைச் சொன்னான். அன்று மதியம் ஓட்டியதில் வித்தியாசம் வெறும் மூன்று. இதுவரை வந்ததிலேயே நல்ல பட்டியல். அவள் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டாள்.

அதை இணையப் பக்கத்தில் ஏற்றுவதற்குள் துறைத்தலைவர் கூப்பிட்டார்.

"உட்காருங்கம்மா. பட்டியல் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு சார். நாளைக்குப் போட்டுடறேன்."

"நம்ம பையன் எங்க விழுந்திருக்கான்?"

நம்ம பையன் என்பது அவருடைய அக்கா மகன். மாப்பிள்ளைதான்.

"நாலாவது குழு சார்."

"கூட யாரு?"

அவள் மூன்று பெயர்களைச் சொன்னாள். அவர் நாற்காலியில் சாய்ந்தார். "மூணு பேரும் மார்க் எடுப்பானுங்க, வேலைன்னா ஆள் இருக்க மாட்டானுங்க. இவன் லட்சணம் உங்களுக்கே தெரியும். நாலு தூங்குமூஞ்சியை ஒரே ரூம்ல அடைச்சு வெச்சா ப்ராஜெக்ட் தானா நடக்குமா? எங்க அக்கா தினமும் ரெண்டு வேளை போன் பண்றாங்க. சாப்பிட்டியான்னு கூடக் கேக்கறதில்ல. ஒரே ஒரு நல்ல பிள்ளையை அங்க போட்டு விடுங்க, போதும்."

"நிரல் குடுக்கறதுதான் சார் பட்டியல். நாம..."

"நிரலை எழுதினது யாரு? வானத்துல இருந்து இறங்குச்சா?" என்று சிரித்தார். சிரித்த முகத்தோடேயே மேஜை மேலிருந்த ஃபைல் அடுக்கில் ஒன்றை உருவி, திறக்காமல் முன்னால் வைத்தார். "அப்புறம், உங்க நிரந்தர வேலை ஃபைல் இங்கதான் இருக்கு. ஒன்பது வருஷம் ஆச்சு இல்ல? அடுத்த மாசத்துக்குள்ள கையெழுத்துப் போட்டு மேல அனுப்பிடலாம்னு இருக்கேன்."

இரண்டுக்கும் அவர் முடிச்சுப் போடவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், அவ்வளவுதான்.

தன் மேஜைக்கு வந்து பட்டியலைத் திறந்தாள். யார் வேலை செய்வார்கள், யார் செய்ய மாட்டார்கள் என்பதற்கு நிரலில் கட்டமே கிடையாது. அவர் சொன்னது சரிதான். நாலாவது குழு எண்ணளவில்தான் பலமான குழு. நாலாவதில் ஒருவனை எடுத்துவிட்டு வேறு குழுவிலிருந்து உழைக்கிற ஆள் ஒருத்தரைக் கொண்டுவர வேண்டும். அப்படிப்பட்டவர்கள் இருபது பேராவது இருந்தார்கள். ஒருத்தியின் அப்பா வக்கீல். வேண்டாம். ஒருத்தன் நேரே முதல்வருக்கு மெயில் எழுதுவான். இன்னொருத்தி அழுவாள், அழுகைக்குப் பின்னால் அம்மா வருவாள். விரல் ஒன்பதாவது குழுவில் ஒரு பெண்ணின் பெயரில் வந்து நின்றது.

வகுப்பில் அந்தப் பெண்ணுக்கு மியூட் என்று பெயர். ஒலியை அணைத்த டிவி மாதிரி உட்கார்ந்திருப்பாளாம். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் இல்லை. இதுவரை செய்த எல்லாக் குழு வேலைகளையும் அவள்தான் செய்தாள் என்பதும், எல்லார் பெயரும் அதில் இருந்தது என்பதும் துறைக்கே தெரியும். படிவத்தின் கடைசிக் கட்டத்தில், 'இந்த ப்ராஜெக்டில் உங்கள் எதிர்பார்ப்பு' என்ற இடத்தில், எல்லாரும் 'அனுபவம்', 'புதிய அறிவு' என்று ஏதோ எழுதியிருக்க, அவள் மட்டும் ஒரு வரி எழுதியிருந்தாள்: இந்த ஒரு தடவையாவது வேலை செய்கிறவர்களோடு இருக்க வேண்டும். ஒன்பதாவது குழு அப்படித்தான் அமைந்திருந்தது. மற்ற மூன்று பேரும் உழைப்பாளிகள். முதலிடம் வருகிற குழுவின் நாலு பேரையும் ஒரு பெரிய ஆய்வு நிறுவனம் அப்படியே எடுத்துக்கொள்ளும். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் எடுத்தது. ஒன்பதாவது குழு அந்த இடத்துக்குப் போகக்கூடியது.

அந்த வரியை அவள் படித்தாள். படித்துவிட்டுத்தான் பெயரை வெட்டி எடுத்து நாலாவதில் ஒட்டினாள். நாலாவதிலிருந்து ஒருவன் ஒன்பதுக்குப் போனான். லட்சம் தடவை மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. யார் கேட்க மாட்டார்கள் என்ற ஒரே கேள்விக்கு மனசு ஒரு நிமிஷத்தில் விடை கொடுத்துவிட்டது. அந்த வேகம்தான் அவளைக் கொஞ்சம் பயமுறுத்தியது. பட்டியலின் அடியில் 'வித்தியாசம்: 3' என்று நிரல் அச்சடித்திருந்த வரியைத் திருத்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

ஐந்தாவது வாரம் திங்கட்கிழமை, மியூட் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு ஆசிரியர் அறை வாசலில் நின்றாள்.

"மேடம், ஒரு சந்தேகம். நேரம் இருக்கா?"

"வாம்மா."

நாலாவது குழு ஒரு மருத்துவமனையின் நர்ஸ்களுக்கு ஷிப்ட் அட்டவணை போடும் ப்ராஜெக்டை எடுத்திருந்தது. இடமாற்றிப் பார்க்கும் அதே முறைதான். தன் கணினியில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதிக்க, விடை ஏற்கெனவே தெரிந்த ஒன்றை முதலில் ஓட்டிப் பார்ப்போம் என்று மியூட் நினைத்திருக்கிறாள். வகுப்பில் ஆசிரியையே சொல்லிக்கொடுத்த பழக்கம் அது. விடை தெரிந்ததாக அந்தப் பெண்ணிடம் இருந்தது ஒன்றுதான்: குழுக்களின் பட்டியல்.

"அதே நம்பர்தான் குடுத்தேன் மேடம். ஆனா லிஸ்ட் ஒத்துப்போகலை. எட்டு நாளா பாக்கறேன். நான் எங்க தப்புப் பண்றேன்னு தெரியலை."

அந்தப் பெண்ணின் முகத்தில் ஆசிரியைமேல் சந்தேகம் துளிகூட இல்லை. இருந்தது எல்லாம் தன்மேல்தான். எட்டு நாளாகத் தன்னையே குடைந்துகொண்டிருக்கிறாள்.

"பைத்தான் வெர்ஷன் வேறயா இருக்கும்மா" என்றாள் அவள். தன் குரல் அவ்வளவு இயல்பாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "பழைய வெர்ஷன் போட்டுப் பாரு. சில சமயம் அப்படி ஆகும்."

"ஓ. அது நான் யோசிக்கலை மேடம். தேங்க்ஸ் மேடம்."

மியூட் போனதும் அடுத்த மேஜையிலிருந்து சத்தம் வந்தது. அங்கே உட்காருகிற சக ஆசிரியைக்கு ரேடியோ என்று பெயர். காலையில் போட்டால் மாலையில்தான் நிற்பாள்.

"நல்ல பொண்ணுடி. கண்ல ஒத்திக்கலாம். ஆமா, உனக்கு ரெண்டு பரீட்சை ட்யூட்டி போட்டிருக்காங்களாமே?"

"ஆமா."

"எனக்கு ஒண்ணுகூட இல்ல. ஏன் சொல்லு? போட்டா நான் போடற கூச்சல்ல கூரை பறந்துடும்னு அந்த மனுஷனுக்குத் தெரியும். நீ வாயத் திறக்க மாட்ட. அதான் உன் தலைல கட்டறாரு. இதெல்லாம் கம்ப்யூட்டர் வெச்சா கண்டுபிடிக்கணும்?"

ரேடியோ வேறு அலைவரிசைக்குப் போய்விட்டாள். அவள் திறந்த புத்தகத்தின் ஒரே பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷமாகத் தன்னை ஒருவர் இப்படித்தான் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார். அந்தக் கண் தனக்கும் வாய்த்துவிட்டது. அது அவ்வளவு சுலபமாக வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

மறு வாரம் செவ்வாய்க்கிழமை மியூட் மறுபடி வந்தாள். இந்த முறை ஆசிரியர் அறையில் வேறு யாரும் இல்லை. லேப்டாப்பை மேஜையில் வைத்துத் திறந்தாள்.

"ஆறு வெர்ஷன் போட்டுப் பாத்தேன் மேடம். ஆறுலயும் ஒரே லிஸ்ட்தான் வருது. உங்க லிஸ்ட் வரலை."

அவள் திரையை எட்டிப் பார்த்தாள்.

"அப்புறம் ரெண்டு லிஸ்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன். அறுபத்தி ரெண்டு பேர் அப்படியே இருக்காங்க. ரெண்டே பேர்தான் மாறியிருக்காங்க. வெர்ஷன் தப்புன்னா எல்லாமே கலைஞ்சுதானே மேடம் போகும்?"

"ம்."

"கீழ வித்தியாசம் மூணுன்னு இருக்கு. உங்க லிஸ்டைக் கூட்டிப் பாத்தா ஏழு வருது. என்னோடதுதான் மூணு."

இதற்குள் அவள் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அச்சுப் பிழை, கடைசி நேரத் திருத்தம், எதையாவது. பொய்கள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றுக்கும் இன்னும் ஒரு வாரம் இந்தப் பெண் கண் விழித்துச் சோதித்துப் பார்ப்பாள் என்று தெரிந்ததால் எதையும் எடுக்க மனம் வரவில்லை.

"மாறின ரெண்டு பேர்ல ஒருத்தி நான்" என்றாள் மியூட். "ஏன் மேடம் நான்?"

"நீ கேக்க மாட்டேன்னு நெனச்சேன்."

சொல்லிவிட்ட பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று தெரிந்தது. மியூட்டின் முகம் மாறவில்லை. காது மட்டும் சிவந்தது. லேப்டாப் மூடியைப் பாதி இறக்கி, மறுபடி ஏற்றினாள்.

"இப்ப மாத்த முடியுமா மேடம்? இன்னும் எட்டு வாரம் இருக்கு. ஒன்பதாவது குழுல நான் பேசிப் பாத்தேன், வந்தா சேத்துக்கறேன்னாங்க."

"குழு மாத்தறதுக்குப் பதிவாளர் ஆபீஸ்ல வெள்ளிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு. அதுக்குள்ள சரியான பட்டியலை நான் மெயில்ல அனுப்பிடறேன். நீ போய்ப் பதிஞ்சுக்கலாம்."

"நிச்சயமா மேடம்?"

"நிச்சயமா."

அன்று மாலை வீட்டில் கணவன் முன்னறையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தான். பல் செட் செய்வது அவன் தொழில். ஒரு மேல் வரிசைப் பல்லைத் தேய்த்தபடியே அவள் சொன்னது முழுவதையும் கேட்டான்.

"ஃபைல் எப்ப கையெழுத்தாகுது?"

"வியாழக்கிழமைன்னாரு."

"வெள்ளிக்கிழமைதானே கெடு? அப்புறம் என்னம்மா. பல் ஒட்டற சிமென்ட் இறுகற வரைக்கும் வாயை மூடிட்டு இருக்கச் சொல்லுவோம் இல்ல, அப்படி இரு. கையெழுத்து விழுந்த அடுத்த நிமிஷம் மெயிலைத் தட்டி விடு. உனக்கும் நஷ்டம் இல்ல, அந்தப் பொண்ணுக்கும் நஷ்டம் இல்ல. அந்த ஆள்தான் பல்லைக் கடிச்சுக்குவாரு."

"கடிச்சா?"

"கடிச்சா நம்மகிட்டதான் வரணும்" என்று கையிலிருந்த பல் வரிசையைக் காட்டினான்.

அவளும் சிரித்தாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. இரண்டு நாள் பொறுத்தால் இரண்டு பக்கமும் நஷ்டம் பூஜ்யம். இதைவிடச் சிறந்த தீர்வு இல்லை. அன்று நன்றாகத் தூங்கினாள்.

வியாழக்கிழமை துறைத்தலைவர் வரவில்லை. அக்கா வீட்டில் ஏதோ விசேஷம் என்றார்கள். வெள்ளிக்கிழமை வந்தார், வந்ததும் கூட்டம். மதியம் இரண்டு மணிக்கு அவருடைய அறையை எட்டிப் பார்த்தாள். மேஜையில் ஃபைல் இருந்தது, ஆள் இல்லை. மூன்றரைக்கு மறுபடி பார்த்தாள். "மீட்டிங் இன்னும் முடியலை மேடம்" என்றார் உதவியாளர்.

மெயில் எழுதி வைத்திருந்தது. முதலில், 'பட்டியலில் இரண்டு பெயர்களை நான் கையால் மாற்றினேன்' என்று எழுதியிருந்தாள். நாலு மணிக்கு அதை அழித்துவிட்டு, 'பட்டியலில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது' என்று எழுதினாள். நாலரைக்கு அம்புக்குறியை அனுப்பும் பொத்தானின் மேல் கொண்டுபோய் வைத்தாள். இப்போது அனுப்பினால் கூட்டத்திலிருந்து வெளியே வருகிறவர் கைபேசியில் முதலில் பார்ப்பது இதைத்தான். பார்த்துவிட்டு அறைக்குள் போவார். மேஜையில் ஃபைல் இருக்கும். ஒன்பது ஜூன் மாதங்கள். ஒவ்வொரு ஜூனிலும், மறு வருஷத்துக்கு இருக்கிறோமா இல்லையா என்று சொல்லும் ஒற்றைத் தாளுக்காக உதவியாளர் முன்னால் நின்ற நிற்பு. கெடு என்று எழுதியிருந்தாலும் அலுவலகத்தில் திங்கட்கிழமை வரைக்கும் விட்டுக்கொடுப்பார்கள், எல்லா அலுவலகமும் அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டாள். அப்படி இல்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சொல்லிக்கொண்டாள். ஐந்து மணி அடித்தபோது அவளுக்கு வந்தது துக்கம் இல்லை, நிம்மதி. அதை அவள் யாரிடமும் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை காலை ஃபைல் கையெழுத்தானது. துறைத்தலைவர் அவளைக் கூப்பிட்டுக் கை கொடுத்தார். துறை முழுவதற்கும் வாழ்த்து மெயில் போனது. ரேடியோ கட்டிப்பிடித்தாள். வாழ்த்த வந்த கூட்டம் கலைந்ததும் அவள் தன் மெயிலை அனுப்பினாள்.

பதினொரு மணிக்குப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து போன். "மேடம், வெள்ளிக்கிழமையோட பூட்டியாச்சே. இனிமே துறைத்தலைவர் கைப்பட எழுதிக் குடுத்தாத்தான் திறக்க முடியும்."

அவரிடம் போனாள். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"பிழைன்னு நீங்களே எழுதிட்டீங்க. மனுஷங்கன்னா பிழை வரும்மா. பாதி தூரம் போன பிள்ளைங்களைப் போட்டுக் கலைக்க வேணாம். விடுங்க."

மதியம் ஆய்வகத்துக்குப் போனாள். மூலைக் கணினியில் மியூட் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நோட்டுப் புத்தகம் விரிந்திருந்தது. நர்ஸ்களின் ஷிப்டுகளைப் பென்சிலால் கட்டம் போட்டு நிரப்பிக்கொண்டிருந்தாள். நாலாவது குழுவின் மற்ற இரண்டு பேரைக் காணோம். மாப்பிள்ளை மட்டும் சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் காலை ஊன்றி நிறுத்தினான்.

"கங்கிராட்ஸ் மேடம்! பர்மனென்ட் ஆயிட்டீங்களாமே, மாமா சொன்னாரு. ட்ரீட் எப்ப?"

"வெக்கறேன்" என்றாள். பிறகு மூலைக்குப் போனாள். குரலைத் தாழ்த்தி, "மெயில் பாத்தியாம்மா?" என்று கேட்டாள்.

"ரெண்டும் வந்துச்சு மேடம்."

"ரெண்டா?"

"பத்து பத்துக்கு சார் அனுப்பின வாழ்த்து. பத்து நாப்பதுக்கு நீங்க அனுப்பினது." பென்சில் நிற்கவில்லை.

"நான் வெள்ளிக்கிழமையே எழுதி வெச்சிருந்தேன். சூழ்நிலை..."

"வெள்ளிக்கிழமை மூணு மணில இருந்து ஆபீஸ் வாசல்ல உக்காந்திருந்தேன். மெயில் வந்த உடனே பதிஞ்சிடலாம்னு. ஒன்பதாவது குழுல ரெண்டு பேர் கூட வந்து உக்காந்திருந்தாங்க. அஞ்சு மணிக்கு அந்த அண்ணன் ஷட்டர் இறக்கிட்டாரு."

அவள் அந்த வாசலை நினைத்துப் பார்த்தாள். ஒரே ஒரு பெஞ்சு, மேலே ஓடாத மின்விசிறி. இரண்டு மணி நேரம் கைபேசியைப் பார்த்துக்கொண்டு மூன்று பிள்ளைகள். அதே நேரத்தில் இரண்டு மாடி மேலே, அம்புக்குறியைப் பொத்தானின்மேல் வைத்துக்கொண்டு ஒருத்தி.

"உன் ப்ராஜெக்டுக்கு என்ன உதவி வேணும்னாலும் என்கிட்ட கேளு" என்றாள். சொல்லும்போதே அதன் மலிவு நாக்கில் தெரிந்தது. "முதலிடத்துக்கு வர்ற மாதிரி பண்ணிடலாம். நான் கூட இருக்கேன்."

மியூட் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்ணில் கோபத்தைத் தேடினாள் அவள். கிடைத்திருந்தால் மன்னிப்புக் கேட்க ஓர் இடம் இருந்திருக்கும். ஓடாத நிரலை ஒருவர் எப்படிப் பார்ப்பாரோ அப்படி, எந்த வரியில் பிழை என்று தெரிந்துவிட்டதால் மேலே படிக்கத் தேவையில்லாத ஒன்றைப் பார்ப்பதுபோல, அந்தப் பெண் அவளைப் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி நிக்கறீங்களா மேடம்? வெளிச்சம் மறைக்குது. கட்டம் தெரியலை."

"இங்க உக்காருங்க மேடம்" என்று மாப்பிள்ளை எழுந்து தன் சுழல் நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டான். அது மெதுவாக உருண்டு வந்து அவள் முழங்காலில் இடித்து நின்றது.